ஐஸ் பெட்டி கிருமியைக் கொல்லாது



தோட்டத்து இஞ்சின் அறையிலிருந்து மாலையில் சில மணி நேரம் மட்டும் கரண்டு வந்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்போதெல்லாம் மிச்சக் கறி என்ற பேச்சே கிடையாது. அன்று ஆக்கியது அன்றே தீர்ந்தது. மீந்த மீனுக்கு உப்பும் வெயிலும்தான் துணை. இன்று லயத்து வீடானாலும் தனி வீடானாலும் அடுப்பங்கரையில் ஓர் ஐஸ் பெட்டி நிற்கிறது. அம்மாவும் அப்பாவும் வேலைக்காட்டில் இருக்க, பள்ளி விட்டு வரும் பிள்ளை தானே கதவைத் திறந்து, சாப்பாட்டை எடுத்துச் சூடாக்கிக்கொள்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அந்தப் பெட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? கடைக்காரர் தவணைக் கணக்கைச் சொன்னதோடு சரி.

நான் தோட்ட மருந்தகத்தில் வேலை பார்த்த நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, பிரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில், ஒரு குடும்பமே வாசலில் வந்து நின்றது. தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், பாட்டி. ஐந்து பேருக்கும் வயிற்றுக் கடுப்பு, நிற்காத பேதி. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ஆக்குன கோழிக் கறிதாங்க ஐயா. கெட்டுப் போகல. ஐஸ் பெட்டியிலதான் வெச்சிருந்தோம்" என்றார் அந்தத் தாய். மருந்தகத்தில் அந்தப் பதிலை நான் பல முறை கேட்டிருக்கிறேன். ஐஸ் பெட்டியில் வைத்தால் கெடாது என்ற நம்பிக்கை அவ்வளவு பலமாக நம்மிடம் ஊறிவிட்டது. மற்ற நால்வரும் உப்புச் சர்க்கரை நீரிலேயே தேறினார்கள். நீரிழிவுக்காரரான பாட்டியை மட்டும் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூன்று நாள் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டியதாயிற்று.

மெதுவாக விசாரித்தேன். ஞாயிறு பகல் ஒரு மணிக்குக் கறி இறங்கியது. சாப்பிட்டது போக அரைக் குண்டான் மீதி. அது அடுப்பிலேயே மூடியபடி கிடந்தது. இரவு எட்டு மணிக்குமேல் குண்டானோடு அப்படியே பெட்டிக்குள் போனது. மறுநாள் பகல் வேலை முடிந்து வந்து, பசி அவசரத்தில் லேசாகச் சூடு காட்டிப் பரிமாறியிருக்கிறார்கள்.

இதில் ஐஸ் பெட்டியின் குற்றம் ஒன்றுமில்லை. அது வருவதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது.

கிருமி பெருகும் கணக்கைப் பாருங்கள். நல்ல வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். பகல் ஒரு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை ஏழு மணி நேரம். அதற்குள் ஒரே ஒரு கிருமி இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். "கொதிக்கக் கொதிக்கத்தானே ஆக்கினோம், கிருமி எங்கிருந்து வந்தது?" என்று கேட்பீர்கள். இறைச்சியில் இருக்கும் சில கிருமிகள் விதையைப் போல ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு கொதியைத் தாங்கும். குழம்பு ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் முளைத்துக்கொள்ளும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உள்ள சூடுதான் கிருமிக்குப் பிடித்த சூடு. நம் அடுப்பங்கரை, அதுவும் தகரக் கூரையின் கீழ், பகலில் 32 டிகிரிக்கு மேல் போகும். ஐஸ் பெட்டியின் உள்ளே 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால் கிருமி சோர்ந்து கிடக்கும். ஐஸ் கட்டும் அறையில், பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில், அது தூங்கும். சாவதில்லை. வெளியே எடுத்து வைத்தால் எழுந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும். ஆகவே அடுப்பை அணைத்த நிமிடத்திலிருந்தே கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் போக வேண்டும். வெயில் கொளுத்தும் பகலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

"சூடா வெச்சா பெட்டி கெட்டுப் போயிடும்" என்று சொல்லிச் சொல்லியே பலர் இரவு வரை காத்திருக்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. கொதிக்கிற குண்டானை அப்படியே தூக்கி உள்ளே வைத்தால் பக்கத்திலிருக்கும் பால், தயிர் எல்லாம் சூடேறும். அதோடு, பெரிய குண்டானின் நடுவில் உள்ள குழம்பு விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். அதற்கு வழி இதுதான்: கறியை இரண்டு மூன்று அகலப் பாத்திரத்தில், நான்கு விரல் ஆழத்துக்கு மேற்படாமல் பிரித்து ஊற்றுங்கள். பேசினில் குளிர்ந்த தண்ணீர் விட்டு, பாத்திரங்களை அதில் இறக்கி, இடையிடையே கிளறுங்கள். ஐஸ் கட்டி இருந்தால் தண்ணீரில் போடுங்கள். அரை மணி நேரத்தில் நன்றாகச் சூடு இறங்கிவிடும். ஆவி அடங்கி இளஞ்சூடாக இருக்கும்போதே மூடி உள்ளே வைக்கலாம். பெட்டி ஒன்றும் கெட்டுப்போகாது.

திரும்பச் சூடாக்கும்போது குழம்பு தளதளவென்று கொதிக்க வேண்டும். அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். முழுவதையும் சூடாக்கி, மீதியை மறுபடி உள்ளே வைத்து, மறுநாள் மறுபடி சூடாக்குவது வேண்டாம். நன்றாக வைத்த கறியே மூன்று நான்கு நாளைக்குத்தான் தாங்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலை நான்கு மணிக்குச் சோறு பொங்கி வைத்துவிட்டுத் தாய் வேலைக்குப் போகிறாள். பிள்ளை பகல் இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறது. நடுவே பத்து மணி நேரம்! அரிசியில் வாழும் ஒரு கிருமி உண்டு. வேகும்போது அது சாவதில்லை. ஆறிய சோற்றில் பெருகி ஒரு நஞ்சை விடுகிறது. அந்த நஞ்சு கொதிக்கிற சூட்டுக்கும் அசையாது. கெட்ட சோற்றை எவ்வளவு வறுத்தாலும், நாசி கோரேங் ஆக்கினாலும், வாந்தி வாந்திதான். மணத்தை வைத்தோ ருசியை வைத்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. மின்சாரச் சோற்றுப் பானையைச் சூடு காக்கும் நிலையில் விட்டுப் போகிறவர்கள் சோறு கை பொறுக்காத சூட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் சரி. மற்றவர்கள் பிள்ளையின் பங்கைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, வேலைக்குக் கிளம்பும் முன்பே மூடிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாளுக்குமேல் அந்தச் சோற்றை வைக்க வேண்டாம்.

மீனிலும் இதே கதை உண்டு. கெம்போங், சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஒரு நஞ்சு ஊறும். அதுவும் வேக வைத்தால் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். "எனக்குக் கெம்போங் ஒத்துக்காது" என்று சொல்கிறவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல, அது வெயிலில் கிடந்த நேரம். டவுனுக்குச் சம்பளச் சாமான் வாங்கப் போனால் மீனையும் கோழியையும் கடைசியில் வாங்குங்கள். மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வழியில் நண்பர் வீட்டில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெட்டிக்குள் அடுக்கும் முறைக்கு அதிகம் படிக்க வேண்டியதில்லை. பச்சைக் கோழியும் மீனும் எப்போதும் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில். சமைத்ததெல்லாம் மேலே. கோழியின் இரத்த நீர் ஒரு சொட்டு பழத்தின்மேல் விழுந்தால் போதும், அதைக் கழுவாமல் தின்னும் பிள்ளைக்குப் பேதி. உறைந்த கோழியைக் காலையில் மேசையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மேலே இளகி நடுவே கல்லாக இருக்கும். இளகிய மேற்பகுதியில் பகல் முழுவதும் கிருமி பெருகும். முதல் நாள் இரவே ஐஸ் அறையிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் மறுநாள் பதமாக இருக்கும். பெட்டியைத் திணிக்கத் திணிக்க அடைப்பதும் கூடாது, குளிர்காற்று சுற்றிவர இடம் வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் மட்டும் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். குளிரிலும் மெல்லப் பெருகக்கூடிய ஒரு கிருமி உண்டு. அது தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலைத் தந்து வயிற்றுப் பிள்ளையைக் கொன்றுவிடலாம். அவர்கள் பெட்டியிலிருந்து எடுத்ததை ஆவி பறக்கச் சூடாக்காமல் சாப்பிட வேண்டாம்.

பெட்டி உண்மையிலேயே குளிராக இருக்கிறதா என்று எப்படி அறிவது? கடையில் சில வெள்ளிக்கு இதற்கென்றே வெப்பமானி கிடைக்கிறது. அதை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துக் காலையில் பாருங்கள். 4 டிகிரிக்கு மேல் காட்டினால் குமிழைத் திருப்புங்கள். அப்படியும் இறங்காவிட்டால் கதவோரத்து ரப்பரைச் சோதியுங்கள். ஒரு வெள்ளி நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. ரப்பரைப் பற்றிப் பால்மரம் வெட்டும் உங்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயும் மண்ணெண்ணெயும் அதற்கு ஆகாது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுங்கள். மடிப்புகளில் கறுப்பாகப் படிவது பூஞ்சணம்.

பழைய மாதிரிப் பெட்டிகளில் ஐஸ் கனமாகப் படியும். ஒரு விரல் தடிப்பு வருமுன் கரண்டை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்தால் தானாக உதிரும். பொறுமையில்லாமல் கத்தியையோ திருப்புளியையோ கொண்டு குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால் பெட்டியே போயிற்று. புதிய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் வாயு எரியக்கூடியது. ஐஸ் அறையில் குத்திவிட்டு அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிக் குத்துப்பட்டு 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் சன்னல் கதவுகளைத் திறங்கள், தீக்குச்சி உரசாதீர்கள், எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள்.

இனி பெட்டியின் முதுகுப் பக்கம் போவோம். அங்கே நம்மில் முக்கால்வாசிப் பேர் எட்டிப் பார்ப்பதில்லை. பெட்டியின் பின்னால், மோட்டாருக்கு மேலே அல்லது அடியில், தண்ணீர் வடிகிற தட்டு ஒன்று உண்டு. ஐஸ் இளகிய தண்ணீர் அதில் வந்து நிற்கும். நிழல், வெதுவெதுப்பு, நல்ல தண்ணீர், யாரும் அசைக்காத இடம். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாசலில் இருக்கும் டயரையும் சிரட்டையையும் பால் மங்கையும் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே கொசுப் பண்ணை வைத்திருந்தால் என்ன பயன்? வாரம் ஒருமுறை, ஓய்வு நாளில், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டி, ஓரங்களைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். முட்டைகள் தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் பல மாதம் சாகாமல் காத்திருக்கும், அதனால்தான் வெறுமனே கொட்டினால் போதாது என்கிறேன். மலேசியாவில் 1975ஆம் ஆண்டிலேயே நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குள் கொசுப்புழு கண்டால் அபராதம் வீட்டுக்காரருக்குத்தான்.

முதுகுப் பக்கம் போனபோதே கரண்டு விஷயத்தையும் பேசிவிடுவோம். "பெட்டியத் தொட்டா சுருக்குன்னுது, செருப்புப் போட்டுக்கிட்டுத் திறந்தா ஒண்ணும் செய்யல" என்று ஓர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுருக்கு, 230 வோல்ட்டின் எச்சரிக்கை. ஈரக்கையோடு வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் நிற்கும் குழந்தைக்கு அது கடைசிச் சுருக்காகிவிடக்கூடும். அப்படிப்பட்ட பெட்டியைத் தொடாமல், மெயின் சுவிட்சை அணைத்து, பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். பழுதுபார்க்கும் வரை போட வேண்டாம், உள்ளே எவ்வளவு சாமான் இருந்தாலும் சரி. பெரும்பாலும் பச்சையும் மஞ்சளும் கலந்த நிலக்கம்பி அறுந்திருக்கும், அல்லது அது இல்லவே இல்லாத இரண்டு கம்பி ஒயரில் யாராவது ஒட்டுப் போட்டிருப்பார்கள். பழைய பெட்டியைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். மூன்று கால் பிளக்கு, சிரிம் முத்திரை, சுவரில் உள்ள துளையிலேயே நேராகச் செருகுவது. நீட்டிப்பு ஒயரில் ஐஸ் பெட்டி, சோற்றுப் பானை, தொலைக்காட்சி மூன்றையும் போட்டால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும். மெயின் பெட்டியில் கசிவு கண்டால் தானே விழும் சுவிட்சு ஒன்று இருக்கும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை.

தோட்டம் கொடுத்த வீட்டில் குடியிருக்கிறீர்களா? சுவரிலுள்ள ஒயரும் மெயின் பெட்டியும் உங்கள் செலவல்ல. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வராமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள்.

மழைக்காலத்தில் கரண்டு போவது நமக்குப் புதிதல்ல. போனதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கதவைத் திறக்காமல் இருங்கள். திறக்காத பெட்டி நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த ஐஸ் அறை இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். நான்கு மணி நேரத்துக்குமேல் போனால் இறைச்சி, மீன், பால், சமைத்த கறி எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். மனம் வராதுதான். ஒரு நாள் கூலி போகிறதே என்று தோன்றும். ஆஸ்பத்திரியில் கிடந்தால் எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் பாருங்கள். வெள்ளம் புகுந்த வீட்டில், தண்ணீர் வடிந்ததும் பெட்டியைப் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். மோட்டாரில் சேறும் ஈரமும் இருக்கும். மின்சாரம் தெரிந்தவர் பார்த்த பிறகுதான் பிளக்கு.

இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் இன்று நம் லயங்களில் நிறையப் பேர். மருந்துக் குப்பி இருக்க வேண்டிய சூடு 2 முதல் 8 டிகிரி. நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். ஐஸ் அறையில் வைக்கவே கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகிய பிறகு பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கலாம், ஆனால் சர்க்கரையைக் குறைக்காது. அளவு தவறாமல் ஊசி போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். திறந்து பயன்படுத்தும் குப்பி பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெளியே இருக்கலாம், ஆனால் 30 டிகிரிக்குக் கீழே. நம் வீடுகளில் அது நடக்காத காரியமாதலால் அதையும் உள்ளேயே வைப்பது மேல். கரண்டு நீண்ட நேரம் போனால், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் மூடி வையுங்கள். பாட்டனார் காலத்து வித்தைதான், நன்றாகவே வேலை செய்யும்.

கடைசியாக, உயிர் விட்ட பெட்டி. அதைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டு, பழைய இரும்புக்காரர் வரும் வரை மறந்துவிடுகிறோம். ஒளிந்து விளையாடும் பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் உண்டா? உள்ளே காற்று மிகக் கொஞ்சம். கதவு மூடினால் கத்தும் சத்தம் வெளியே வராது. இப்படிப் பல குழந்தைகள் இறந்த பிறகு 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பெட்டிக் கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இன்று காந்தம் வைத்த ரப்பர் இருப்பதால் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் என்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பலம் போதாமல் போகலாம். கதவு சுவரைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ கிடந்தால் யாராலும் திறக்க முடியாது. மேல்மூடி உள்ள பெரிய ஐஸ் பெட்டி இன்னும் மோசம்.

பெட்டியை வெளியே தூக்குவதற்கு முன்பே, வீட்டுக்குள்ளேயே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான்கு திருகாணியைக் கழற்றிக் கதவைத் தனியே எடுத்துவிடுங்கள். உள்தட்டுகளை மட்டும் எடுக்காமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், பிள்ளை உள்ளே நுழைய இடமிருக்காது. கதவைச் சுவரோடு சாய்த்து வைத்தால் இரும்புக்காரர் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போவார்.